'செக்' என்ற சொல்லின் கதை: பாரசீக அரசனிலிருந்து வங்கிக் காசோலை வரை

கேள்வி சுருக்கமாக இதுதான்: சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைக்கும் செக், வங்கியில் கொடுக்கும் செக், கட்டம் போட்ட துணியைக் குறிக்கும் செக், 'ஒரு தடவை செக் பண்ணிப் பாரு' என்னும்போது வரும் செக், இவையெல்லாம் ஒரே ஆங்கிலச் சொல்லா? அல்லது ஒன்றுபோல ஒலிக்கும் வெவ்வேறு சொற்களா?

ஒரே சொல்தான். பாரசீக மொழியில் அரசனைக் குறிக்கும் 'ஷா' என்பதுதான் அதன் மூலம். அரசனுக்கும் காசோலைக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். தொடர்பு ஒரே தாவலில் வந்துவிடவில்லை. சதுரங்கம் ஆடியவர்கள், வரிக்கணக்கு பார்த்தவர்கள், வங்கிக் குமாஸ்தாக்கள், சுரங்கத் தொழிலாளர்கள் என்று பலர் தங்கள் தேவைக்கு இந்தச் சொல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியிருக்கிறார்கள். அந்த நகர்வு ஒவ்வொன்றும் இன்றும் தடம் பிடிக்கக் கூடியது. எனக்கு இந்தச் சொல்லின் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு அதுதான் காரணம்.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். இன்றைய ஈரானில் உள்ள பெஹிஸ்தூன் மலைப்பாறையில், கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் டேரியஸ் வெட்டுவித்த ஆப்பெழுத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 'நான் டேரியஸ், பேரரசன், அரசர்க்கு அரசன்' என்றுதான் அது தொடங்குகிறது. அங்கே அரசன் என்பதற்குப் பழம்பாரசீகச் சொல் 'க்ஷாயதிய'. உச்சரித்துப் பார்த்தாலே சமஸ்கிருதத்தின் 'க்ஷத்ர', 'க்ஷத்ரிய' நினைவுக்கு வரும். தற்செயல் ஒற்றுமை இல்லை. ஆளுதல் என்ற பொருள் கொண்ட ஒரே வேரிலிருந்து பிரிந்த உறவுச் சொற்கள் இவை. நூற்றாண்டுகள் போகப்போக இந்த நீண்ட சொல் தேய்ந்து 'ஷா' ஆயிற்று. 'அரசர்க்கு அரசன்' என்ற தொடரும் அதே போலத் தேய்ந்து 'ஷாஹன்ஷா' ஆயிற்று.

சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்குப் போனது சசானியப் பேரரசின் காலத்தில். முதலாம் குஸ்ரோவின் அவைக்கு (அவர் ஆண்டது 531 முதல் 579 வரை) ஓர் இந்திய அரசன் இந்த ஆட்டத்தைப் புதிராக அனுப்பினான், அமைச்சர் அதன் விதிகளைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பாரசீக மரபில் ஒரு கதை உண்டு. கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஆட்டம் இந்தியாவிலிருந்து வந்தது என்பதைப் பாரசீகர்களே சொல்லிக்கொண்டார்கள் என்பதற்கு அது சாட்சி. 'சதுரங்க' அங்கே 'சத்ரங்' ஆயிற்று. 7ஆம் நூற்றாண்டில் அரேபியர் பாரசீகத்தை வென்ற பிறகு ஆட்டம் அவர்களிடம் போனது. அரபு மொழியில் 'ச்ச' ஒலி இல்லாததால் பெயர் 'ஷத்ரஞ்ச்' ஆனது.

ஆட்டத்தின் பெயர் மாறியது. ஆட்டத்துக்குள் சொல்லும் சொல் மாறவில்லை. எதிராளியின் ராஜாவைத் தாக்கும் காயை நகர்த்தியதும் 'ஷா!' என்று சொல்லி எச்சரிப்பது வழக்கம். 'உன் அரசனைப் பார்த்துக்கொள்' என்று பொருள். கவனக்குறைவால் ராஜா போய் ஆட்டம் சப்பென்று முடிந்துவிடக் கூடாது என்பதற்கான மரியாதை அது. நாம் இன்று 'செக்' என்று சொல்வது அந்தச் சொல்லையேதான். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் இன்றைய விதிகள்படி அப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தாலும் நட்பாக ஆடுகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். 'ராஜா, ராஜா' என்று பாரசீக மொழியில் சொல்கிறோம் என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை.

'ஷா' எப்படிச் 'செக்' ஆனது? இங்கே ஒலிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பாரசீகத்தில் சொல்லின் இறுதியில் மெல்லிய 'ஹ்' உண்டு: 'ஷாஹ்'. லத்தீன் எழுதியவர்களுக்கு அந்த ஒலி பழக்கமில்லை. அவர்கள் அதைக் 'க்' என்று பிடித்துக்கொண்டு, 'ஸ்காக்குஸ்' என்று ஒரு லத்தீன் சொல்லை உண்டாக்கினார்கள். பழைய பிரெஞ்சு மொழிக்கோ சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்க்' போன்ற கூட்டொலி வருவது பிடிக்காது. முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொள்ளும். ஸ்கூலை 'இஸ்கூல்' என்று சொல்கிற தமிழ் நாவுக்கு இது நன்றாகவே புரியும். அப்படி 'எஸ்செக்' வந்தது. ஆங்கிலம் அதைக் கடன் வாங்கியபோது முன்னால் ஒட்டிய உயிரெழுத்தை உதறிவிட்டது. மிச்சம் நின்றது 'செக்'. பிரெஞ்சில் பிற்பாடு 'ச்ச' ஒலி 'ஷ' ஆகிவிட்டதால் இன்று அவர்கள் 'எஷெக்' என்கிறார்கள். ஆங்கிலம் கடன் வாங்கிய காலத்து ஒலியை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது.

இதிலேயே இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. ஆட்டத்தின் பெயரான 'செஸ்' என்பதும் தனிச் சொல் இல்லை. பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்' ஒருமை. அதன் பன்மை 'எஸ்செஸ்'. ஒருமையிலிருந்து செக், பன்மையிலிருந்து செஸ். ஆகவே 'செஸ்' என்றால் சொல்லளவில் 'ராஜாக்கள்'. ஜெர்மன் மொழியின் 'ஷாக்', இத்தாலிய மொழியின் 'ஸ்காக்கி' எல்லாம் இதே வழியில் வந்தவை. ரஷ்யர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் ஆட்டத்துக்கே 'ஷாக்மத்தி' என்று பெயர் வைத்தார்கள். அதாவது 'ஷா மாத்', செக்மேட். ஸ்பானியர் அரபியரிடமிருந்து நேரடியாகக் கற்றதால் 'அஹெத்ரேஸ்' என்கிறார்கள். அது 'ஷத்ரஞ்ச்' வழியாக வந்த நம் சதுரங்கமேதான்.

செக்மேட்டைப் பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. 'ஷா மாத்' என்றால் 'அரசன் இறந்தான்' என்று பலரும் எழுதுகிறார்கள். அரபியில் 'மாத' என்றால் இறந்தான் என்பது உண்மை. அந்த விளக்கம் பரவியது அதனால்தான். ஆனால் தொடர் பாரசீக மொழியில் பிறந்தது. பாரசீக 'மாத்' என்றால் செய்வதறியாமல் திகைத்து நிற்பவன். ஆட்டத்தின் விதியோடு பொருந்துவதும் இந்தப் பொருள்தான். சதுரங்கத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை, பலகையிலிருந்து எடுப்பதும் இல்லை. போக இடமின்றி நிற்கும் கணத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் பலகையோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஜெஃப்ரி சாஸரின் இளமைக்காலக் கவிதை ஒன்றில், மனைவியை இழந்த ஒரு வீரன் தன் துயரத்தைச் சதுரங்கமாகச் சொல்கிறான். விதி என்னும் பெண் அவனோடு ஆடி, அவன் ராணியைப் பிடித்துக்கொண்டு, 'செக்' என்கிறாள். ஒரு சிப்பாயை வைத்துப் பலகையின் நடுவில் 'மேட்' என்கிறாள். அந்த வரியில் செக் ஆட்டச் சொல்லாகவே இருக்கிறது. அதே நேரம் ஒரு மனிதனின் வாழ்க்கையில் விழுந்த அடியாகவும் இருக்கிறது. சொல் பலகையை விட்டு இறங்கும் தருணம் அது.

இறங்கியதும் முதலில் எடுத்த பொருள் 'தடை'. செக் வைக்கப்பட்டவன் தன் திட்டத்தை அப்படியே போட்டுவிட்டு ராஜாவைக் கவனித்தாக வேண்டும். அதிலிருந்து திடீரென நிறுத்துவது, முன்னேற விடாமல் மறிப்பது என்ற பொருள் வந்தது. நம் செய்தித்தாள்களில் 'எதிர்த்தரப்புக்குச் செக் வைத்தார்' என்று எழுதும்போது இந்தப் பொருளைத்தான் கையாள்கிறோம். அன்றைய இங்கிலாந்தில் வல்லூறு வைத்து வேட்டையாடியவர்களிடமும் இந்தச் சொல் இருந்தது: குறி வைத்த இரையை விட்டுவிட்டு வேறு ஏதோ பறவையைப் பார்த்துப் பாதி வழியில் வல்லூறு திரும்பினால், அதற்குச் செக் என்று பெயர். கோபத்தை அடக்குவது, செலவைக் கட்டுக்குள் வைப்பது என்ற பயன்பாடுகளும் இந்தக் கிளையைச் சேர்ந்தவையே. ஐஸ் ஹாக்கியில் எதிராளியை உடலால் மோதி நிறுத்துவது செக். திரவத்தை ஒரு பக்கம் மட்டும் போகவிட்டுத் திரும்பி வராமல் மறிப்பது செக் வால்வு. ஓடும் நீரைத் தடுத்து நிறுத்துவது செக் டேம்.

அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி கேட்கும் 'செக்ஸ் அண்ட் பேலன்சஸ்' என்ற தொடரிலும் இந்தத் 'தடை'தான் இருக்கிறது. நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தை அதிபர் தடுக்கலாம். அந்தத் தடையை மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் நாடாளுமன்றம் தாண்டலாம். இருவரும் செய்வதை நீதிமன்றம் ஆராயலாம். 1788இல் ஜேம்ஸ் மேடிசன் இதற்காக வாதாடியபோது சொன்ன கருத்து, ஒருவரின் அதிகார ஆசையை இன்னொருவரின் அதிகார ஆசையே எதிர்த்து நிற்க வேண்டும் என்பது. இதைத் தமிழில் சிலர் 'சரிபார்ப்புகளும் சமநிலைகளும்' என்று மொழிபெயர்க்கிறார்கள். அது சரியில்லை. இங்கே செக் என்பது சரிபார்ப்பதைக் குறிக்கவில்லை, மறித்து நிறுத்துவதையே குறிக்கிறது. சொல்லின் வரலாறு தெரிந்தால் இந்தத் தவறு நேராது.

அப்படியானால் 'சரிபார்ப்பது' என்ற பொருள் எங்கிருந்து வந்தது? முழுக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது. பாலமாக இருந்தது கணக்குப் புத்தகம். ஒரே கணக்கை இருவர் தனித்தனியே எழுதிவைத்தால், ஒருவர் ஏமாற்ற முடியாது. இரண்டாவது ஏடு முதல் ஏட்டுக்குத் தடை. தடையாக இருப்பதற்கு ஒரே வழி, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். ஆக, மோசடியைத் தடுக்கும் வேலையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையும் ஒன்றாகவே நடந்தன. நாளடைவில் சொல் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு வழுக்கிப் போனது.

பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல் கட்டும் தளங்களில் 'கிளார்க் ஆஃப் த செக்' என்று ஓர் அதிகாரி இருந்தார். வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் பராமரிப்பது அவர் வேலை. வராத ஆளுக்குக் கூலி எழுதிவிட முடியாதபடி அந்தப் பட்டியல் காவல் காத்தது. அவர் பதவியின் பெயரில் செக் என்பது தடையா, சரிபார்ப்பா? இரண்டும்தான், பிரித்துச் சொல்ல முடியாது. பொருள் மாறுகிற இடத்தில் ஒரு சொல் எப்படி இருக்கும் என்பதை நேரில் பார்ப்பது போன்றது இது.

இதே வழியில் நடந்த இன்னொரு சொல்லும் உண்டு: 'கன்ட்ரோல்'. பிரெஞ்சில் 'கோந்த்ர் ரோல்' என்றால் எதிர்ச்சுருள், அதாவது மூலக் கணக்குச் சுருளோடு ஒப்பிடுவதற்காக எழுதப்படும் இரண்டாவது சுருள். அதுதான் இன்று 'கட்டுப்பாடு' என்ற பொருளில் நிற்கிறது. செக் தடையில் தொடங்கிச் சரிபார்ப்புக்கு வந்தது. கன்ட்ரோல் சரிபார்ப்பில் தொடங்கித் தடைக்குப் போனது. இரண்டும் எதிரெதிராக நடந்து, கணக்கறையில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன.

இதுவரை சொன்னது ஒரு கிளை: ராஜாவுக்கு வைக்கும் செக் என்ற நகர்விலிருந்து பிறந்தது. இரண்டாவது கிளை ஆட்டப் பலகையிலிருந்து பிறந்தது.

கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்களை மாற்றி மாற்றி வண்ணம் தீட்டுவது ஐரோப்பியர் வழக்கம். இந்தியாவிலும் அரபு நாடுகளிலும் பழைய பலகைகள் வெறும் கோடுகளால் பிரிக்கப்பட்டவை. சுவிட்சர்லாந்தின் ஐன்சீடல்ன் மடத்தில் கிடைத்த, சுமார் 1000ஆம் ஆண்டைச் சேர்ந்த லத்தீன் கவிதை ஒன்றில்தான் இருவண்ணப் பலகை பற்றிய பேச்சு முதன்முதலில் வருகிறது. அந்த வண்ணம் வந்திராவிட்டால் கட்டம் போட்ட சட்டைக்குச் செக் சட்டை என்ற பெயர் வந்திருக்குமா என்பது சந்தேகமே. பலகையைப் பிரெஞ்சில் 'எஸ்செக்கியே' என்றார்கள். ஆங்கிலத்தில் அது 'செக்கர்' ஆனது. அதன் குறுக்கமே துணியின் செக். கார்ப் பந்தயம் முடியும்போது அசைக்கும் கறுப்பு வெள்ளைக் கொடி, அமெரிக்கர்கள் 'செக்கர்ஸ்' என்று சொல்லும் ஆட்டம், ஏற்றமும் இறக்கமுமாக இருந்த ஒருவரின் பணிவாழ்க்கையை 'செக்கர்ட்' என்று வருணிப்பது, எல்லாம் இந்தக் கட்டங்களே.

இந்தக் கிளையில் தங்கி நின்று பார்க்க வேண்டிய இடம் 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கருவூலம். இன்றும் பிரிட்டனின் நிதியமைச்சருக்கு அதிகாரபூர்வப் பட்டம் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'. அந்த எக்ஸ்செக்கர் வேறொன்றுமில்லை, சதுரங்கப் பலகை. அரசாங்கத்தின் நிதித்துறைக்கு ஒரு மேசையின் பெயர் வந்துவிட்டது.

அந்த மேசை எப்படி இருந்தது என்று நமக்குத் துல்லியமாகத் தெரியும். இரண்டாம் ஹென்றியின் கருவூலத் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், 1170களின் இறுதியில், ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்ளும் உரையாடலாக அதை எழுதிவைத்திருக்கிறார். சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம். மேலே வைத்தவை உருண்டு விழாமல் இருக்க, சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. அதன்மேல் ஈஸ்டர் பருவத்தில் வாங்கிய ஒரு துணி. சாதாரணத் துணி இல்லை, ஓர் அடி அல்லது ஒரு சாண் இடைவெளி விட்டுக் கோடுகள் போட்ட கறுப்புத் துணி. வலது ஓரத்துப் பத்தி பென்னிக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அடுத்தது பவுண்டுக்கு, பிறகு இருபதுகள், நூறுகள், ஆயிரங்கள். மாவட்டத்து வரிக்குப் பொறுப்பான ஷெரிஃப் ஒரு பக்கம் உட்காருவார். அவர் கட்ட வேண்டிய தொகைக்கான வட்டுகளை மேல் வரிசையில் அடுக்குவார்கள். கட்டிய தொகையைக் கீழ் வரிசையில் அடுக்குவார்கள். மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதைக் கழித்தால் பாக்கி எவ்வளவு என்பது சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் கண்ணுக்கும் தெரியும்.

இந்த ஏற்பாட்டின் அருமை புரிய ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அப்போது அவர்கள் எழுதியது ரோமன் எண்கள். பூஜ்யம் கிடையாது, இட மதிப்பு கிடையாது. அந்த எண்களை வைத்துக் காகிதத்தில் கழித்தல் போடுவது பெரும்பாடு. துணியின் பத்திகள் இட மதிப்பைக் கொண்டு வந்துவிட்டன. காலியான பத்தியே பூஜ்யமாக வேலை செய்தது. எழுத்தறிவில்லாத ஷெரிஃப்கூடத் தன் கணக்கு சரியாகப் போகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் இந்தப் பெயர் என்று ஃபிட்ஸ்நீலின் மாணவர் கேட்கிறார். பலகையின் வடிவம் சதுரங்கப் பலகையைப் போல இருக்கிறது என்பது முதல் காரணம். ஆசிரியர் அத்தோடு விடவில்லை: அங்கே இரண்டு படைகள் மோதுகின்றன, இங்கே கருவூலத் தலைவருக்கும் ஷெரிஃபுக்கும் போர் நடக்கிறது, மற்றவர்கள் நடுவர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறார். தன் அலுவலகத்தின் பெயரை இவ்வளவு ரசித்து விளக்கிய நிதி அதிகாரியை நான் வேறெங்கும் படித்ததில்லை.

பெயரின் முன்னால் 'எக்ஸ்' எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு 'எஸ்' தான் அது. பிற்கால எழுத்தர்கள் அதை லத்தீன் முன்னொட்டான 'எக்ஸ்' என்று தவறாக நினைத்து, எழுத்தை மாற்றிவிட்டார்கள்.

அதே கருவூலத்தில் பணம் கட்டியதற்கு ரசீதாகக் குச்சிகளைப் பயன்படுத்தினார்கள். குச்சியில் வெட்டும் பள்ளத்தின் அகலமே தொகை: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கையின் தடிமன், நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணி. பள்ளம் வெட்டிய பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பாதி. பொருத்திப் பார்த்தால் பள்ளங்கள் நேராக நிற்க வேண்டும். ஒருவர் தன் பாதியில் ஒரு கீறல் கூட்டினாலும் மற்றவர் பாதி காட்டிக்கொடுத்துவிடும். பல நூற்றாண்டுகள் சேர்ந்துபோன இந்தக் குச்சிகளை ஒழித்துக்கட்ட, 1834 அக்டோபர் 16 அன்று லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். தீ மீறிப்போய் நாடாளுமன்றமே எரிந்தது.

இனி வங்கிச் செக். 17ஆம் நூற்றாண்டு லண்டனில், பணத்தை வங்கியாளரிடமோ பொற்கொல்லரிடமோ வைத்திருந்தவர்கள், 'இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்' என்று ஒரு தாளில் எழுதி அனுப்புவார்கள். இன்று பாதுகாக்கப்பட்டிருக்கும் மிகப் பழைய ஆங்கிலக் காசோலைகளில் ஒன்று 1659 பிப்ரவரி மாதத்தைச் சேர்ந்தது. முழுவதும் கையால் எழுதியது. அப்போது அதற்குச் செக் என்று பெயர் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்பது இப்படிப்பட்ட தாள்களின் அடிக்கட்டையைக் குறித்தது. பிளந்த குச்சியின் அதே வேலையைச் செய்தது அது: தாள் திரும்பி வரும்போது அடிக்கட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போலி தெரிந்துவிடும். 1717இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து மோசடியைத் தடுக்கத் தனி வகைத் தாளில் அச்சிட்ட படிவங்களைக் கொண்டுவந்தது. கொஞ்ச காலத்தில் அடிக்கட்டையின் பெயர் முழுத் தாளுக்கும் ஏறிக்கொண்டது. ஆகவே வங்கிச் செக், முதல் கிளையின் பிள்ளை: ராஜாவுக்கு வைத்த தடையிலிருந்து மோசடிக்குத் தடை, அங்கிருந்து சரிபார்க்கும் துண்டு, அங்கிருந்து பணத்தாள்.

ஆனால் பிரிட்டிஷ் எழுத்து முறையில் அதன் வால் பகுதியில் 'கே' போய் 'க்யூ, யூ, இ' வந்தது எக்ஸ்செக்கரின் தாக்கத்தால். பணம் தொடர்பான சொல் என்பதால் கருவூலத்தின் எழுத்தை இதற்கும் மாட்டிவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான் அது நிலைபெற்றது. நகர்விலிருந்து பிறந்த சொல், பலகையிலிருந்து பிறந்த சொல்லின் உடையை அணிந்துகொண்டது. அமெரிக்கர்கள் எழுத்தைச் சுருக்கிவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறு: 'கே' போட்டு எழுதும் அமெரிக்க முறைதான் பழையது.

இங்கே ஒரு மறுப்பும் அவசியம். வங்கிச் செக் என்ற சொல் அரபு மொழியின் 'ஸக்' என்பதிலிருந்து வந்தது என்று நிறைய இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. 'ஸக்' என்ற ஆவணம் உண்மையானதுதான். 10ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், சஹாராவின் தென் விளிம்பில் இருந்த அவ்தகஸ்த் நகரில் 42,000 தினாருக்கான ஒரு ஸக்கைக் கண்ணால் பார்த்ததாக எழுதியிருக்கிறார். தொலைதூர வணிகத்தில் காகிதத்தால் பணம் கொடுக்கும் முறையில் அரபு உலகம் ஐரோப்பாவுக்கு மிகவும் முன்னால் இருந்தது. ஆனால் ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்தது என்பதைப் பெரிய சொற்பிறப்பு அகராதிகள் ஏற்கவில்லை. காரணம் நியாயமானது: சொல்லின் ஆரம்பப் பொருள் அடிக்கட்டை, ஆரம்ப எழுத்து 'கே'யோடு கூடிய பழைய செக். ஆங்கிலத்துக்குள்ளேயே முழுப் பாதையும் தெரியும்போது வெளியிலிருந்து ஒரு மூலம் தேட வேண்டியதில்லை. முறையை அரபியர் முன்னரே அறிந்திருந்தார்கள் என்பது வேறு, சொல்லை அவர்கள் தந்தார்கள் என்பது வேறு.

அடிக்கட்டை என்ற பொருளிலிருந்து இன்னொரு குடும்பமும் கிளைத்தது: அடையாள வில்லை. பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை உண்டு. அதற்கு 'பிட் செக்' என்று பெயர். உள்ளே இறங்கும்போது அதற்குரிய இடத்தில் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும், ஏறி வந்ததும் கணக்கு நேராக வேண்டும். விபத்து நடந்தால் கீழே யார் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அந்த வில்லைகள்தான் சொல்லும். காசோலையைவிட, துணியைவிட, இந்தச் சொல் சுமந்த மிகக் கனமான பொருள் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் கோட்டையும் பெட்டியையும் ஒப்படைத்து வாங்கும் துண்டு செக். அதனால்தான் விமான நிலையத்தில் பெட்டியைச் 'செக்-இன்' செய்கிறோம். உணவகத்தில் சாப்பிட்டு முடித்ததும் வரும் பில்லையும் அவர்கள் செக் என்பார்கள். பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால், வேறொரு நாள் பார்க்க வரலாம் என்று 1880களில் கொடுக்கத் தொடங்கிய துண்டுச் சீட்டு 'ரெயின் செக்'. இன்று ஓர் அழைப்பை மரியாதையாகத் தள்ளிப்போடுவதற்கு அந்தத் தொடர் பயன்படுகிறது. பட்டியலில் சரியென்று போடும் குறியை பிரிட்டிஷார் 'டிக்' என்பார்கள், அமெரிக்கர்கள் 'செக்' என்பார்கள். போக்கரில் பந்தயம் கட்டாமல் முறையைக் கடத்திவிடுவதும் செக். பெர்லினில் 1961 முதல் புகழ்பெற்ற 'செக்பாயின்ட் சார்லி' என்ற பெயரில் சார்லி என்று யாரும் இல்லை. மூன்றாவது சோதனைச் சாவடி என்பதால், வானொலியில் எழுத்துகளைத் தெளிவாகச் சொல்வதற்கான சொல்வரிசையில் மூன்றாம் எழுத்தான 'சி'க்கு உரிய சொல்லை வைத்தார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் இதே சொல்லை வேறொரு திசையில் கொண்டுபோனார்கள். அவர்களிடம் 'எஷெக்' என்றால் தோல்வி. தேர்வில் தோற்றாலும், ஒரு திட்டம் கவிழ்ந்தாலும் அதுதான் சொல். ஆங்கிலம் ராஜாவைத் தாக்கியவனின் பக்கம் நின்று பொருள் கொண்டது. பிரெஞ்சு, தாக்கப்பட்டவனின் பக்கம் நின்று கொண்டது. போர்த்துகீசியர் தங்கள் 'ஷத்ரேஸ்' என்ற சொல்லைச் சதுரங்கத்துக்கும் கட்டம் போட்ட துணிக்கும் வைத்துக்கொண்டார்கள். பிரேசிலில் பேச்சு வழக்கில் அதுவே சிறைச்சாலைக்கும் பெயர்.

தமிழில் எழுதும்போது ஒன்றாகத் தெரிந்து உறவே இல்லாதவையும் உண்டு. செக் குடியரசின் பெயர் 'சேக்' என்ற ஸ்லாவிய இனப்பெயரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அதை எழுதும் முறை போலிஷ் மொழியிலிருந்து எடுத்தது. 'ஷேக்' என்பது முதியவரைக் குறிக்கும் அரபுச் சொல். ஷாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எண்ணெய் ஆட்டும் செக்கு நம்முடையது.

எழுதும்போது குழப்பம் வருவது வழக்கம் என்பதால் ஒரு குறிப்பு. பிரிட்டிஷ் முறையில் எழுதுகிறவர்கள் வங்கித் தாளுக்கும், பந்தயக் கொடியையும் ஏற்ற இறக்கமான பணிவாழ்க்கையையும் சொல்லும் 'செக்கர்ட்' என்பதற்கும் 'க்யூ' போட வேண்டும். சரிபார்ப்பதற்கும், சதுரங்கத்துக்கும், துணிக்கும் 'கே'தான். அமெரிக்க முறையில் எல்லாவற்றுக்கும் 'கே'. எக்ஸ்செக்கர் மட்டும் இரு பக்கமும் 'க்யூ'வோடுதான் எழுதப்படுகிறது.